எட்டு ஜிபியில் ஒரு ஸ்வெட்டர்

மேலாளர்: ...இல்ல சார், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நம்ம கேம்ல இந்தக் கடைத்தெரு காட்சியில சுவரு மங்கல். முகமெல்லாம் நனைஞ்ச சோப்பு மாதிரி இருக்கு. கடை போர்டுல எழுத்தே படிக்க முடியல. ஆனா அந்தச் சந்துல, கொடியில ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் தொங்குது பாருங்க... நூல் நூலா எண்ணலாம். அது எப்படி?

அத்தான்: எந்த ஸ்வெட்டர்?

மேலாளர்: திரை முழுக்க அது ஒண்ணுதான் தெளிவா இருக்கு. அதைப் போய் எந்த ஸ்வெட்டர்னு கேக்கறீங்க!

மச்சினி: அத்தான், அதை விடுங்க. மேடம், நான் கேமை இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கறேன். இந்தத் தடவை...

மேலாளர்: காலையிலேர்ந்து ஓட்டிட்டுத்தானே இருக்கே? கடைத்தெருவுக்குள்ள காலை வெச்சதும் திக்கித் திக்கி நிக்குது. அப்புறம் எல்லாம் சேறாகுது... ஒரு நிமிஷம். ஆபீஸ்ல என்ன அத்தான்?

மச்சினி: வீட்லயும் அத்தான்தான் மேடம். இடத்துக்கு இடம் மாத்திக் கூப்பிட்டா நாக்கு குழறிடும்.

அத்தான்: என் மனைவியோட தங்கச்சி. கேமை ஓட்டிப் பாத்து குத்தம் கண்டுபிடிக்கறதுதான் இங்க இவ வேலை. வீட்லயும் அதே வேலைதான். அங்க சம்பளம் மட்டும் கிடையாது.

மச்சினி: அங்க குத்தம் அதிகம். நியாயமாப் பாத்தா அங்கதான் சம்பளம் தரணும்.

மேலாளர்: பாவம் உங்க வீட்டுக்காரம்மா. உங்க ரெண்டு பேரையும் எப்படித்தான் மேய்க்கறாங்களோ!

மச்சினி: கேமைப் பாப்போம் மேடம்.

மேலாளர்: பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள இதை அனுப்பியாகணும். எட்டு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாப் போதும்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இந்த மாதிரி சேறும் சகதியுமா போனா வாங்கறவன் காறித் துப்புவான். அதனால எனக்கு ஒரே வழிதான். உங்க மெஷின்ல ஒரு பட்டன் இருக்காமே... 'எல்லாப் படத்தையும் பாதியாக்கு'.

அத்தான்: ஐயையோ! அதை யார் சொன்னா உங்ககிட்ட?

மேலாளர்: யாரோ சொன்னாங்க. ஏன் இப்படிப் பதறறீங்க?

அத்தான்: மேடம், அது இந்தக் கடைத்தெருவை மட்டும் பாதியாக்காது. மொத்த ஊரையும் பாதியாக்கிடும். கப்பல் துறை, அந்தப் படிக்கட்டு, பாசி படிஞ்ச கிணறு... மேல் மாடியில படம் வரையறவங்க அத்தனை பேரோட ரெண்டு வருஷ வேலை. ஒரே அமுக்குல...

மேலாளர்: அப்ப எனக்குப் புரிய வைங்க. நான் செருப்புக் கடைங்களைப் பாத்துக்கிட்டு இருந்தவ. எனக்கு எட்டு ஜிபின்னா மலை மாதிரி. இந்தத் தெருவுக்கு எவ்வளவு வேணும்?

மச்சினி: ஒன்பதே முக்கால்.

மேலாளர்: என்னது! ஒரு தெருவுக்கா?

மச்சினி: ஒரு தெருவுக்குத்தான். இருக்கறதே எட்டு. அதுலயும் விண்டோஸ் கொஞ்சம் பிடிச்சுக்கும். நமக்குக் கைக்கு வர்றது ஏழரை.

மேலாளர்: நான் சின்ன வயசுல விடிய விடிய ஆடின கேம் எல்லாம் ஒரு ஃப்ளாப்பி தட்டுல அடங்கும்யா!

அத்தான்: அந்த கேம் முழுசும் பிடிச்ச இடத்துல இன்னைக்கு ஒரு வாசக்கதவை வைக்க முடியாது மேடம்.

மேலாளர்: விளையாடறீங்க.

அத்தான்: சத்தியமா. இந்தக் கதவைப் பாருங்க. உங்களுக்கு ஒரு கதவு. மெஷினுக்கு நாலு படம். ஒண்ணு நிறம். ஒண்ணு மேடு பள்ளம், எங்க சிராய்ச்சிருக்கு, எங்க ஆணி துருத்திட்டு இருக்குன்னு. ஒண்ணு பளபளப்பு, கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆன இடம் எது, தூசி படிஞ்ச இடம் எதுன்னு. இன்னொண்ணு நிழல், எந்த இடுக்கு இருட்டா இருக்கும்னு. ஒவ்வொண்ணுலயும் குறுக்கால நாலாயிரம் புள்ளி, நெடுக்கால நாலாயிரம் புள்ளி. பெருக்கிப் பாருங்க.

மேலாளர்: பெருக்க வேண்டாம், தலை சுத்துது. ஒரு கதவுக்கு எதுக்கு இவ்வளவு?

அத்தான்: ஆடறவன் கிட்ட வந்து மூக்கை ஒட்டிப் பாப்பானே! அந்தக் காலத்துல கதவு திரையில கட்டை விரல் அளவு. இப்ப திரையும் பெருசு, கிட்டப் போகவும் விடறோம். அதுவும் கடைத்தெரு... ஒரு கடை மாதிரி இன்னொரு கடை கிடையாது. துணி வேற, பாத்திரம் வேற, மூட்டை வேற. எல்லாம் ஒரே நேரத்துல கண் முன்னாடி. அத்தனை படமும் கார்டோட மெமரியில உக்காந்திருக்கணும்.

மேலாளர்: உக்கார இடம் இல்லேன்னா?

அத்தான்: நல்லாக் கேட்டீங்க! உங்க செருப்புக் கடையையே எடுத்துக்குவோம். கண்ணாடி அலமாரி இருக்கும். பின்னாடி...

மேலாளர்: குடோன்.

அத்தான்: அதேதான்! கார்டோட மெமரி, அலமாரி. கை நீட்டினா எட்டும். கம்ப்யூட்டரோட மத்த மெமரி, குடோன். அங்க போக ஒரு ஒடுக்கமான வழிதான் உண்டு. அலமாரி நிறைஞ்சுட்டா மிச்சத்தைக் குடோன்ல வைக்கும் மெஷின். வேணும்னா ஓடிப்போய் எடுத்துட்டு வரணும். ஆனா ஆடறவன் கண்ணிமைக்கறதுக்குள்ள மெஷின் முழுத் திரையையும் பல தடவை வரைஞ்சு முடிச்சாகணும். நடுவுல குடோனுக்கு ஓடினா...

மேலாளர்: வாடிக்கையாளர் ஒத்தைச் செருப்போட நின்னுட்டு இருப்பார்.

மச்சினி: அதான் மேடம் அந்தத் திக்கல்.

மேலாளர்: சரி, திக்கல் புரிஞ்சுது. மங்கல்?

அத்தான்: அதுதான் அழகு! ஒவ்வொரு படத்துக்கும் குட்டிக் குட்டியா நகல் எடுத்து வெச்சிருப்போம். பெருசு, அதுல பாதி, அதுலயும் பாதி... தூரத்துல இருக்கற கதவுக்குக் குட்டி நகல் போதும், யார் கண்டுபிடிக்கப் போறா? அலமாரி நிறையற மாதிரி தெரிஞ்சா, மெஷின் ஒவ்வொருத்தரா 'நீ பெருசை எடுத்துட்டுப் போ, குட்டியை வை'ன்னு துரத்தும். கிட்டப் போனாலும் அந்தக் குட்டிதான் இருக்கும். அதைப் பெருசா இழுத்துக் காட்டினா...

மேலாளர்: சோப்பு முகம்.

அத்தான்: சோப்பு முகம்! நீங்க நல்லாப் பிடிச்சுக்கறீங்க மேடம்.

மேலாளர்: இன்னும் பிடிக்கறேன் பாருங்க. எல்லாரையும் துரத்துது, சரி. ஸ்வெட்டரை ஏன் துரத்தல?

மச்சினி: மேடம், காபி சொல்லட்டுமா? காலையிலேர்ந்து நீங்க ஒண்ணுமே...

மேலாளர்: காபி குடிச்சாலும் இந்தக் கேள்வி போகாது மா. மெஷின் துரத்தக் கூடாதுன்னு யாராவது சொல்லி வெக்க முடியுமா?

மச்சினி: ...முடியும்.

அத்தான்: வாலு!

மச்சினி: கேக்கறாங்க அத்தான். இல்லேன்னு எப்படிச் சொல்றது? 'கைவைக்காதே'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு மேடம். அதுல போட்டது எப்பவும் மெமரியில இருக்கும், முழு அளவுல. எந்தத் தெருவுக்குப் போனாலும் சரி, எவ்வளவு நெரிசல் ஆனாலும் சரி.

மேலாளர்: அப்படி ஒண்ணு இருக்கறது உன் ரிப்போர்ட்டுல இல்லையே?

மச்சினி: மொத்தத்துல சேந்துதான் வரும். அதைத் தனியா எண்ண மாட்டோம்.

மேலாளர்: எண்ண மாட்டீங்களா!

அத்தான்: அதுக்குக் காரணம் இருக்கு. திரையில வர்ற எழுத்து, அம்புக்குறி, காத்திருக்கற வட்டம், இந்த மாதிரி சில்லறைச் சாமான்தான் அதுல. ஒரு தடவை யாரோ இடத்தைக் காலி பண்றேன்னு அதுல கையை வெச்சாங்க. கேம்ல ஒரு எழுத்துகூட இல்லாம போயிடுச்சு. 'தொடங்கு'ன்னு ஒரு பட்டன் கிடையாது, 'வெளியேறு'ன்னு கிடையாது, வெறும் கறுப்புப் பெட்டிங்க. அதுவும் கேமைப் பாக்க வெளியிலேர்ந்து வந்தவங்க முன்னாடி! அன்னைக்கு முடிவு பண்ணினோம்... அந்த ஃபோல்டரை யாரும் திறக்கறதில்ல, எண்ணறதில்ல, அதைப் பத்திக் கேக்கறதும் இல்ல.

மேலாளர்: என் கடையில எவனாவது குடோன்ல ஒரு அறையை எண்ண மாட்டோம்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே அங்க போய் நின்னிருப்பேன். மா, அது எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு?

மச்சினி: மேடம்...

மேலாளர்: எவ்வளவு?

மச்சினி: ரெண்டே முக்கால் கிட்ட.

மேலாளர்: ரெண்டே முக்கால் என்ன? எம்பியா?

மச்சினி: ஜிபி.

மேலாளர்: அடக் கடவுளே!

அத்தான்: என்னது? ரெண்டே முக்காலா? இருக்காது. வாலு, திரும்பப் பாரு.

மச்சினி: பாத்துட்டேன்.

அத்தான்: தப்பாக் காட்டுது. அவ்வளவு இருக்க முடியாது. அதுல பாதிதான்...

மேலாளர்: பாதிதான்? பாதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? எண்ணவே மாட்டீங்க, திறக்கவே மாட்டீங்க. ஆனா பாதிதான்னு தெரியுது. மா, அதைத் திற.

அத்தான்: வேண்டாம், திறக்க வேண்டாம். நானே சொல்றேன்... அந்த ஸ்வெட்டர் என்னோடது. நான்தான் வெச்சேன்.

மேலாளர்: ஒரு ஸ்வெட்டருக்கு ஒண்ணே கால் ஜிபிக்கு மேலயா! கதவையே நாலாயிரம் புள்ளியில முடிச்சுட்டீங்களே!

அத்தான்: இது எட்டாயிரம். சுருக்காம. நாலு படமும்.

மேலாளர்: ஏன் சார்? நான் கோபத்துல கேக்கல. நிஜமாவே புரியல. மூணு வாரமா பாக்கறேன், ஒரு புள்ளி வீணாப் போனா வருத்தப்படற ஆள் நீங்க.

அத்தான்: இங்க நிஜச் சாமானைப் படம் பிடிச்சு கேமுக்குள்ள கொண்டு வர ஸ்கேன் அறை போட்ட புதுசுல, கேமரா சரியா வேலை செய்யுதான்னு பாக்க ஏதாவது துணி வேணும்னேன். என் மனைவி பாக்க வந்திருந்தா. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டிக் கொடுத்து 'இதை எடுத்துக்கோங்க, குளிர்ல நடுங்கிட்டே வீட்டுக்குப் போறேன், உங்க தொழில் வாழ்க'ன்னா. முழங்கையில நீல நூல் போட்டுத் தைச்சிருப்பா. மஞ்சள் நூல் தேடச் சோம்பல். கேட்டா, 'என் முழங்கையை உத்துப் பாக்க ஊர்ல யாருக்கு நேரம் இருக்கு'ன்னுவா.

மேலாளர்: இருக்கட்டும். ஒரு நல்ல ஸ்வெட்டர். அவங்ககிட்ட சொன்னா வேற ஒண்ணு...

மச்சினி: அக்கா இல்ல மேடம். போன மழைக்கு முந்தின மழைக்காலத்துல போயிட்டா.

மேலாளர்: ஐயோ... நான் கொஞ்சம் முன்னாடி வாய் கூசாம என்னென்னவோ... மன்னிச்சுக்குங்க ரெண்டு பேரும். எனக்கு யாரும் சொல்லல.

அத்தான்: நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. அவ எப்படித்தான் மேய்ச்சாளோ, எங்களுக்கும் தெரியாது.

மேலாளர்: அந்த ஸ்வெட்டர் இப்ப...?

அத்தான்: அவ துணியெல்லாம் கொடுத்தாச்சு. நான் வீட்ல இல்லாத நேரமாப் பாத்து சொந்தக்காரங்க கொடுத்தாங்க, நல்ல எண்ணத்துலதான். இந்த ஸ்கேன்தான் மிச்சம். வீட்லயும் ஒரு நகல் இருக்கு. ஆனா வீட்ல அது ஒரு ஃபைல். இங்க காத்துல ஆடுது.

மேலாளர்: சரி சார். காத்துல ஆடட்டும். கதவு அளவுக்குப் பாதியாக்கி வெச்சா ஆகாதா? அப்பவும் ஸ்வெட்டர் ஸ்வெட்டர்தானே?

அத்தான்: ஆகாது.

மேலாளர்: ஏன்?

அத்தான்: பாதியாக்கறதுன்னா என்ன தெரியுமா? நீளமும் பாதி, அகலமும் பாதி. நாலு புள்ளியை எடுத்து, நாலோட நிறத்தையும் கலக்கி, ஒரு புள்ளி ஆக்கறது. பெருசா இருக்கற எதுவும் தப்பிச்சுக்கும். நீலத் தையல்கூட தப்பிக்கும். ஆனா ஒரு புள்ளி அகலத்துல ஒண்ணு இருந்தா... பக்கத்துல இருக்கற மஞ்சள் அதைக் கரைச்சுடும். ஒரு தடவை பாதியாக்கினா சாயம் போகும். இன்னொரு தடவை ஆக்கினா இருந்த இடமே தெரியாது.

மேலாளர்: ஒரு புள்ளி அகலத்துல என்ன இருக்கு?

அத்தான்: ஒரு முடி.

மேலாளர்: முடியா?

அத்தான்: முழங்கைக்கு மேல, கம்பளி நூல்ல சிக்கிட்டு இருக்கு. நீளமா, கறுப்பா, ஒரே ஒரு முடி. ஸ்கேன் எடுக்கறப்ப நான் கவனிக்கவே இல்ல. அவ போனப்புறம் ஒரு நாள் பெருசாக்கிப் பாத்துட்டு இருந்தேன்... நின்னுட்டேன்.

மேலாளர்: அவங்க முடி!

அத்தான்: அதான் துரத்தக் கூடாத இடத்துல கொண்டு வெச்சேன். தப்புதான். மத்தவங்க வேலையெல்லாம் சேறாகறதுக்கு நான் ஒரு முடியை... தப்பு மேடம்.

மேலாளர்: இருங்க, இருங்க. சுருக்காமன்னு சொன்னீங்களே, அது என்ன? பாதியாக்கறது வேற, சுருக்கறது வேறயா?

அத்தான்: வேற. சுருக்கறதுல புள்ளி ஒண்ணும் குறையாது. நாலுக்கு நாலா பதினாறு புள்ளியை ஒரு கட்டமா எடுத்துக்கும். பதினாறுக்கும் தனித்தனி நிறம் எழுதாது. கட்டத்துக்கு ரெண்டே ரெண்டு நிறம் எழுதும். அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும், இந்த நிறமா, அந்த நிறமா, ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவதான்னு ஒரு சின்னக் குறிப்பு. அவ்வளவுதான். பிடிக்கற இடம் நாலுல ஒரு பங்கு. கதவு, சுவரு, எல்லாமே அப்படித்தான் வெச்சிருக்கோம்.

மேலாளர்: ரெண்டு நிறம்...

அத்தான்: ரெண்டு நிறம்.

மேலாளர்: முடி இருக்கற கட்டத்துல மஞ்சள் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. அதுக்கு மேல என்ன சார் வேணும்?

மச்சினி: அத்தான். மேடம் கேக்கறாங்க.

அத்தான்: கேக்குது.

மச்சினி: நீங்க சுருக்கிப் பாத்தீங்களா, இல்லையா?

அத்தான்: பாக்கல.

மேலாளர்: பாக்கவே இல்லையா! இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா?

அத்தான்: கணக்குப்படி நிக்கணும். நிக்கும்னு நானே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன். ஆனா மத்ததுன்னா, போனாப் போகுது, இன்னொரு தடவை செய்யலாம். இதைச் சுருக்கிட்டு, பெருசாக்கிப் பாக்கறப்ப அங்க வெறும் மஞ்சள் இருந்துட்டா... வீட்ல நகல் இருக்கு, தெரியும். ஆனாலும் அதை ஒரு தடவை இல்லாம பாக்கணுமே. அந்த தைரியம் வரல. இவ்வளவு பேச்சு எதுக்கு. எடுத்துடலாம். ரெண்டு வருஷ வேலையை விட ஒரு முடி பெருசில்ல. வாலு, நீயே எடு. என் கை வராது.

மச்சினி: நிஜமா எடுக்கட்டுமா?

அத்தான்: எடு. நான் ஜன்னல் பக்கம் நிக்கறேன். முடிஞ்சதும் சொல்லு.

மேலாளர்: சார், அப்பவும் கணக்கு உதைக்குதே? உங்களோடது பாதிதான்னா, அந்த ஃபோல்டர்ல மீதிப் பாதி என்ன?

அத்தான்: எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நீங்க ரெண்டே முக்கால்னதும் உங்களை விட எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுத்தும் அம்புக்குறியும் சேந்து சுண்டைக்காய் அளவு வராது.

மேலாளர்: அப்ப இதை எடுத்தாலும் ஏழரைக்கு வராதே! எட்டைத் தாண்டியே நிக்கும். நான் அந்தப் பட்டனை அமுக்கித்தான்...

மச்சினி: கொஞ்சம் பொறுங்க மேடம். கை வேலையா இருக்கேன்.

மேலாளர்: ஒண்ணை எடுக்க இவ்வளவு நேரமா? ஏதோ தட்டிட்டே இருக்கே.

அத்தான்: முடிஞ்சுதா?

மச்சினி: கேமை ஓட விட்டிருக்கேன். இதோ படிக்கட்டு இறங்குது... வளைவு... கடைத்தெரு.

மேலாளர்: திக்கல.

மச்சினி: இன்னும் உள்ள போறேன். துணிக்கடை, பாத்திரக்கடை.

மேலாளர்: அடேங்கப்பா! போர்டு படிக்க முடியுது! அந்தக் கிழவர் கன்னத்துல மச்சம்கூட தெரியுது பாருங்க! சார், திரும்புங்க, வந்து பாருங்க சார். அந்தக் கதவு... ஆணி துருத்திட்டு இருக்குன்னீங்களே, அது வரைக்கும் தெரியுது!

அத்தான்: பாக்கறேன்... நல்லாத்தான் இருக்கு. நல்லாவே வந்திருக்கு. இதுக்குத்தான் எல்லாரும் உழைச்சாங்க.

மேலாளர்: மா, இப்ப எவ்வளவு காட்டுது?

மச்சினி: ஏழு நாற்பது.

மேலாளர்: ஏழரைக்கு உள்ள! ஐயா சாமி, பிழைச்சோம்! பட்டனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்படியே சந்துக்குள்ள திரும்பு, அங்கேயும் திக்குதான்னு... இரு. நிறுத்து. நிறுத்து!

அத்தான்: என்னாச்சு?

மேலாளர்: சார்... ஸ்வெட்டர் கொடியிலயே தொங்குது.

அத்தான்: என்னது?

மேலாளர்: அங்கேயேதான் இருக்கு! காத்துல ஆடுது!

அத்தான்: வாலு... நீ எடுக்கலையா? எடுக்கலேன்னா எப்படி ஏழு நாற்பது? நான் உன்னை எடுக்கச் சொன்னேனே!

மச்சினி: உங்களோடதை எடுத்துட்டேன் அத்தான். இது என்னோடது. அதே ஸ்கேன்லேர்ந்து நானும் ஒரு நகல் எடுத்து, பேரை மாத்தி, அதே ஃபோல்டர்ல ஒளிச்சு வெச்சிருந்தேன். சந்துக்கு மேல ஒரு மாடி அறை இருக்கே, ஆடறவங்க யாரும் நுழைய முடியாம பூட்டியே வெச்சிருக்கறது, அதுக்குள்ள நாற்காலி முதுகுல போட்டிருந்தேன். அக்கா என்னைக்கு ஸ்வெட்டரைக் கொடியில போட்டா அத்தான்? எப்பவும் நாற்காலி முதுகுலதானே! பேரு வேற வேறயா இருந்ததால மெஷின் ஒரே படத்தை ரெண்டு தடவை ஏத்திட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். ஒரே படம், புள்ளி குறையாம, சுருக்கி வெச்சது. கொடிக்கும் அதுதான், நாற்காலிக்கும் அதுதான், அதனால நாலுல ஒரு பங்கு இடம் ஒரே ஒரு தடவை போதும். பயப்படாம கிட்ட வந்து முழங்கையைப் பாருங்க அத்தான், முடி அப்படியே இருக்கு.